மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது

செப்டம்பர் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போட்டு ஆரம்பிக்க வேண்டும். இன்றைக்கு வரவில்லை. வந்தால் அடுத்த கடிதத்தில் போடுகிறேன்.

போனில் உன் எண்ணைத் தடை செய்து வைத்திருப்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். "நீ கத்துறதைக் கேக்குறதுக்கு எனக்கு யாரும் சம்பளம் தரலக்கா" என்று சொன்னாயே, அந்த நிமிடமே செய்துவிட்டேன். கடிதம் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாது, என்னால் கத்த முடியாது. இரண்டு பேருக்கும் நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நட்டுவிட்டுப் போன சார்ஜிங் மெஷின் மறுபடியும் படுத்துவிட்டது. மறுபடியும் என்றால், இந்த வாரத்தில் ஐந்தாவது தடவை. நேற்றுக் காலை காரைக் கொண்டுபோய் கேபிளைச் சொருகினேன். பதினெட்டு நிமிடம் ஏறியது. அப்புறம் 'டொக்' என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிட்டது. சரி, சனியனே, இருக்கிறதை வைத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், கேபிள் காரைவிட்டு வரமாட்டேன் என்கிறது. பூட்டிக்கொண்டது. நான் இழுக்க, பேக்கரிக்காரர் இழுக்க, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்ல, ஒரு மணி நேரம் நடுத்தெருவில் நான் வேடிக்கைப் பொருளாக நின்றேன். கடைசியில், போன நாலு தடவை மாதிரியே, மின்வாரிய ஆள் வந்து தெருக் கரண்ட்டை நிறுத்திப் போட்ட பிறகுதான் விட்டது.

உங்கள் உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்த பிறகு ஒரு பெண் வந்தாள். "மேடம், அந்த மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்க ஸ்கிரீன்ல பச்சையா காட்டுது" என்றாள். நான் அதன் முன்னால் நிற்கிறேனம்மா என்றேன். "இங்க பச்சைதான் மேடம்" என்றாள். புகாரை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. முடித்துவிட்டார்களாம்!

நான் ஊர் சுற்ற இந்தக் காரை வைத்திருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மலை மேலே நான் நர்ஸாகப் போய்ப் பார்க்கிற ஒன்பது வீடுகள். ஒன்பதிலும் படுக்கையை விட்டு இறங்க முடியாதவர்கள். கட்டு மாற்றணும், ஊசி போடணும், குழாய் மாற்றணும். சுகாதார அலுவலகத்தில் பழைய ஜீப்பைப் பிடுங்கிக்கொண்டு இந்த மின்சாரக் காரைக் கொடுத்தபோது, வேண்டாம் என்றவள் நான். "எங்க கம்பெனி மெஷின் வைக்குதுக்கா, நான் கன்ட்ரோல் ரூம்லயே உக்காந்து பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றவன் நீ. பாருடா. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்?

வீட்டிலேயே சார்ஜ் போடு என்று எழுதிவிடாதே. நான் இருப்பது வாடகை மாடி. ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிட்டால் வீட்டுக்காரர் அதோடு சேர்த்து என்னையும் தொங்கவிடுவார். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் இருக்கிறது. போய் வர அரை நாள். ஏறிய சார்ஜில் பாதி, திரும்பி மலை ஏறவே போய்விடும்.

ஆள் அனுப்பு. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்கா,

நான் 'அன்புள்ள' போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். என் பக்கத்து மேஜைக்காரர் உறையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல கடிதமா? காதல் கீதலா?" என்று இரண்டு நாளாக என்னை ஓட்டிக்கொண்டிருக்கிறார். இனி வீட்டுக்கு அனுப்பு.

கேள். என் முன்னால் இருநூற்று சொச்சம் மெஷின்கள் புள்ளி புள்ளியாக ஓடுகின்றன. பழுதானது சிவப்பு. நல்லது பச்சை. உன் ஊர்ப் புள்ளியை இந்த வாரம் முழுக்க நானே தனியாகக் கவனித்தேன். எப்போதாவது அரை மணி, ஒரு மணி நேரம் மங்குகிறது. மறுபடி பச்சை. மலையில் மூட்டம் வந்தால் சிக்னல் போகும், வரும். எல்லா மலை ஊருக்கும் இது உண்டு. சொல்லப்போனால் அந்த வட்டாரத்திலேயே நல்ல பிள்ளை உன் ஊர் மெஷின்தான்.

கோபப்படாமல் யோசி. கார்டைக் காட்டின உடனே எடுத்துவிடுகிறாயா? கேபிளைக் கடைசி வரை அழுத்திச் சொருகுகிறாயா? பலர் இதில்தான் தவறு செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஊசியை நீ எப்படிப் போடணும் என்று நான் சொல்லித் தருவதில்லை. இதில் நான் சொல்வதை நீ கொஞ்சம் கேள்.

அப்படியும் நின்றால், ஒன்று செய். மெஷினின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதில் எண் பூட்டு. எண்ணைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். திறந்தால் ஒரு கறுப்பு சுவிட்ச். அணைத்துவிட்டு அறுபது வரை எண்ணி மறுபடி போடு. மெஷின் புதிதாக எழுந்துகொள்ளும், கேபிளும் விட்டுவிடும். இந்த எண்ணை வெளி ஆளுக்குக் கொடுப்பது குற்றம். உனக்காகக் கொடுக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போடு. யாரிடமும் மூச்சு விடாதே.

அக்கா இருக்கிற ஊர் என்று நான் தனியாக ஆள் அனுப்ப முடியாது. ஷிப்ட் பொறுப்பாளர் பதவிக்கு இந்த வருடம் என் பெயர் போயிருக்கிறது. அதையும் கொஞ்சம் மனதில் வை.

தம்பி


செப்டம்பர் 22

தம்பிக்கு,

கார்டை எப்படிக் காட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. கண்ணாடி போட்டுக்கொண்டு, கேபிளை இரண்டு கையாலும் அழுத்தி, கார்டைப் பத்து எண்ணும் வரை காட்டினேன். ஒன்பது நிமிடத்தில் படுத்துவிட்டது. போதுமா?

ஆனால் அந்தக் கறுப்பு சுவிட்ச் வேலை செய்கிறது. அதைச் சொல்லாமல் இருந்தால் பாவம். அணைத்து அறுபது எண்ணிப் போட்டால், புதுப்பெண் மாதிரி முகம் கழுவிக்கொண்டு எழுந்து உட்காருகிறது. இருபது நிமிடம் கழித்து மறுபடி படுக்கிறது. மறுபடி எழுப்பணும். அன்றைய சுற்றுக்குப் போதுமான சார்ஜ் ஏற ஏழெட்டு தடவை எழுப்பணும். பக்கத்திலேயே ஆள் நிற்கணும், எப்போது கோபித்துக்கொள்ளும் என்று தெரியாது. அதனால் ஊரில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா?" என்றுதான் காலையில் கேட்கிறார்கள்.

நான் மட்டும் நின்றுகொண்டிருந்தால் வேலைக்கு யார் போவது? அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். காலை ஐந்தரைக்குப் பேக்கரிக்காரர். எட்டு மணிக்குப் பூட்டு ரிப்பேர்க்காரர். மதியம் நூலகத்து அம்மா. சாயந்திரம் நகரசபை எழுத்தர். நகரசபை அறிவிப்புப் பலகையில் முறைப் பட்டியலே ஒட்டியிருக்கிறது. இப்போது யார் கார் நின்றாலும் நிற்காவிட்டாலும், மாப்பிள்ளை படுத்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது எழுப்பிவிடுவார்கள். பேக்கரிக்காரருக்கு ஒரே பெருமை. "கம்பெனிக்காரன் செய்யாததை நாம செய்யறோம் பாத்தீங்களா" என்கிறார். எண்ணை யாருக்கும் சொல்லாதே என்றாய். நாலு பேருக்குத்தான் சொன்னேன். அவர்கள் யாருக்குச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. ஊர் நல்ல ஊர்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எழுப்பி எழுப்பிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பப் பத்தரை ஆகிறது. ரோலர்காரரை உனக்கு நினைவிருக்கும். சாலை போடுகிற ரோலர் ஓட்டியவர், மேல் வளைவில் கடைசி வீடு. சர்க்கரையில் வலது கால் புண்ணாகி, இரண்டு விரல் போய்விட்டது. மீதி காலைக் காப்பாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் சுத்தம் செய்து கட்டணும். போன வாரம் நான் போகும்போது மணி இரண்டு. ஒன்பது மணிக்கே கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு காலை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். ஈ மொய்க்காமல் அவர் மனைவி ஐந்து மணி நேரம் அட்டையால் விசிறிக்கொண்டிருந்திருக்கிறாள். "வண்டி வரலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது. அக்டோபரில் ஆறு வருகைக்கு மேல் தவறினால், மலைச் சுற்றையே ரத்து செய்துவிட்டு என்னை ஊர் மருத்துவ நிலையத்தில் உட்கார வைத்துவிடுவார்களாம். நோயாளிகள் அங்கே வந்துகொள்ளட்டுமாம். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், பஸ் போகாத வளைவிலிருந்து, வந்துகொள்ளட்டுமாம்! எழுதியவர் ஒரு நாளாவது மேலே ஏறியிருந்தால் அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டிருப்பார்.

உன் பதவி உயர்வை மனதில் வைத்திருக்கிறேன். நீ அந்தக் காலை மனதில் வை.

அக்கா


செப்டம்பர் 29

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது உட்கார முடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முறைப் பட்டியலா? அறிவிப்புப் பலகையிலா? ஐயோ அக்கா.

நீங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பழுதை மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். புரியும்படி சொல்கிறேன். மெஷின் நின்றால் என் திரையில் புள்ளி மங்கும். உடனே சிவப்பாகாது. மலை ஊர்களில் சிக்னல் அடிக்கடி போவதால், அங்கே ஒரு மெஷின் எழுபத்திரண்டு மணி நேரம் தொடர்ந்து செத்துக் கிடந்தால்தான் பழுது என்று எடுத்துக்கொள்வோம். ஆள் அனுப்புவோம். மூன்று நாள். நடுவில் ஒரு தடவை எழுந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எழுகிற ஒவ்வொரு தடவையும் அது பழைய குற்றத்தை எல்லாம் அழித்துவிட்டு 'நான் நலம்' என்று செய்தி அனுப்பும். உங்கள் ஊரிலிருந்து ஒரு நாளைக்கு இருபது 'நான் நலம்' வருகிறது. முன்பு நான் நல்ல பிள்ளை என்று எழுதியதும் இந்த மாதிரிச் செய்தியைப் பார்த்துத்தான்.

அந்த சுவிட்சைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஒரு அவசரத்துக்கு என்று சொன்னேன். நீ ஊர் கூட்டிப் பட்டியல் போடுவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். படுக்கட்டும், விடுங்கள். யாரும் தொடக்கூடாது. மூன்று நாள். சாகட்டும். அதன்பிறகு ஆள் தானாக வருவான்.

மூன்று நாள் உனக்குக் கார் இருக்காது என்பது எனக்குத் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

முதலில் அந்தப் பட்டியலைக் கிழி.

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

பட்டியலைக் கிழித்தேன். பேக்கரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "அப்போ ஒரு மாசமா நாங்க செஞ்சதெல்லாம் உபத்திரவமா?" என்றார். நூலகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் தேதி ராத்திரி மாப்பிள்ளை படுத்தார். யாரும் தொடவில்லை. ஆறாம் தேதி காலை நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழக்கமாகக் காரில் இருபது நிமிடம் ஆகிற இடத்துக்கு இரண்டரை மணி நேரம். ஒரு நாளைக்கு நாலு வீடுதான் முடிந்தது. அந்த நாலையும் விடவில்லை.

மூன்றாம் நாள், அறுபத்தாறாவது மணி. நான் இறங்கி வருகிறேன், மழை. நனைந்துபோய் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்குகிறேன். திரும்பிப் பார்த்தால் மெஷின் பளிச்சென்று எரிகிறது! பக்கத்தில் பேக்கரிக்காரர், கையைக் கட்டிக்கொண்டு.

"நீங்க நனைஞ்சுகிட்டு நடந்து வர்றதைப் பாத்தேம்மா. மனசு கேக்கல. கொஞ்சம் ஏத்திக்கிட்டு நாளைக்காவது கார்ல போங்களேன்னு..."

நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேன், தம்பி. அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை. இன்னும் ஆறு மணி நேரம்! சூடாக ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது என்ன கூத்து என்று பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை பூட்டு ரிப்பேர்க்காரர் அந்தக் கதவுக்குத் தன் கடைப் பூட்டு ஒன்றைப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். நேற்று முதல் செத்துக் கிடக்கிறது. நானும் நேற்று முதல் நடக்கிறேன். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. இதை விட்டால் நிஜமாகவே வேறு வழி இல்லையா? நீ அங்கேயே உட்கார்ந்திருக்கிறாயே. எழுந்துபோய் உன் மேலதிகாரியிடம், 'அது செத்துப்போச்சு, ஆள் அனுப்புங்க' என்று வாயால் சொன்னால் ஆகாதா? இதை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

அக்கா


அக்டோபர் 15

அக்கா,

வாயால் சொல்லி நடக்கிற காரியம் இல்லை. எல்லாம் திரை சொல்வதுதான். இன்னும் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பஸ் கிளம்பப் போகிறது.

தம்பி


அக்டோபர் 21

தம்பிக்கு,

உன் திரை சிவப்பாகிவிட்டது. சந்தோஷம். பதினாறாம் தேதியே எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் பகுதி மெஷினில் பழுது கண்டறியப்பட்டுள்ளது.' கண்டறிந்துவிட்டார்களாம், பெரிய கண்டுபிடிப்பு! ஆள் இருபத்தொன்பதாம் தேதி வருவானாம். அதற்குள் எழுப்பினால் சிவப்பு அழிந்துவிடும் என்று யாரும் தொடவில்லை, நான் இன்னும் நடக்கிறேன்.

இப்போது இதைக் கேள். நேற்று சுகாதார அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஆறாம் தேதி முதல் எட்டு வரை வருகை பூஜ்யம். பதின்மூன்று முதல் நேற்று வரை பூஜ்யம்.

"நான் தினமும் போனேன் சார்" என்றேன். என் குறிப்பேட்டைக் காட்டினேன். எந்த வீடு, எத்தனை மணி, புண் எத்தனை அங்குலம், எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் இருக்கிறது.

"புத்தகம் போன வருஷத்தோட போச்சும்மா. இப்போ கார் எங்க நின்னுச்சோ அதுதான் வருகை. கார் பஸ் ஸ்டாப்பைத் தாண்டவே இல்லையே" என்றார்.

கார் நகரவில்லை. ஆகவே நான் நகரவில்லை. என் முழங்காலைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர்தான், எழுந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஆனால் மாத முடிவில் பட்டியல் தானாகப் போய்விடுமாம். ஆறுக்கு மேல் தவறியிருந்தால் சுற்று தானாக ரத்தாகிவிடுமாம். "கார் ஓடாததுக்கு நீங்க பொறுப்பில்லைன்னு மெஷின் கம்பெனி எழுதிக் கொடுத்தா நான் நிறுத்தி வைப்பேன். அதுவும் இருபத்தஞ்சுக்குள்ள வரணும்" என்றார். உங்கள் உதவி எண்ணுக்கு அடித்தேன். பதினாறாம் தேதிக்கு முன்னால் அந்த மெஷினில் பழுதே இல்லை என்கிறாள். பச்சையாம்.

ஒன்பது வீடு. ரோலர்காரர் புண் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டினால் கால் நிற்கும். இந்தச் சமயத்தில் பிடுங்குகிறார்கள்.

செப்டம்பரிலிருந்தே பழுது என்று கம்பெனி பேரில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. இருபத்தைந்து. மறக்காதே.

அக்கா


அக்டோபர் 24

அக்கா,

இரண்டு நாளாக இந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் எண்ணுக்கு வேறு போனிலிருந்தும் அடித்துப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய்.

பதினான்காம் தேதி நீ கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன்.

வழி இருந்தது. கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் தனக்கு நேரடியாகத் தெரிந்த பழுதைக் கையால் பதிவு செய்ய ஒரு படிவம் உண்டு. பதிவு செய்தால் எழுபத்திரண்டு மணி நேரமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், மூன்று நாளில் ஆள் வந்துவிடுவான். செப்டம்பரிலேயே செய்திருக்கலாம். ஆனால் அதில் 'எப்படித் தெரிய வந்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் பூட்டு எண்ணை வெளியே கொடுத்தது வரும். ஊரே அதை ஒரு மாதம் இயக்கியது வரும். பதவி உயர்வுப் பட்டியல் அக்டோபர் கடைசியில். மூன்று நாள்தானே, நீ நடந்துவிடுவாய், தானாகச் சிவப்பாகிவிடும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் நீ நடப்பாய் என்று தெரிந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

நீ கேட்கிற கடிதமும் அந்தப் படிவத்தை நிரப்பினால்தான் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வேலையே போய்விடலாம். என்ன செய்யட்டும் என்று நீயே சொல்.

தம்பி


அக்டோபர் 25

நான் சொல்லணுமா?

நீ எழுதியபோது இருபத்தைந்து 'நாளை'. இன்றுதான் இருபத்தைந்து. பஸ் டிரைவர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்தபோது மணி நாலு. அலுவலகம் ஐந்துக்கு மூடுகிறது. கணக்குப் போடு.

நான் இத்தனை நாள் நடந்தேன், உன் பேர் ஒரு கட்டத்தில் வராமல் இருப்பதற்காக.

படிவத்தை நிரப்பு. அதுவரை எனக்கு எழுதாதே.


அக்டோபர் 28

அக்கா,

நிரப்பிவிட்டேன். இருபத்தாறாம் தேதி காலை முதல் வேலையாக. கட்டம் சின்னது, தனித்தாள் ஒட்டி எழுதினேன். எண்ணை நான் கொடுத்தேன், சுவிட்சை நான் சொல்லிக்கொடுத்தேன், செப்டம்பர் இருபத்தொன்பதிலேயே பழுது எனக்குத் தெரியும், ஊர்க்காரர்கள் மீது குற்றமில்லை. நகலை எடுத்துக்கொண்டு நானே சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். உன் அதிகாரி வாசித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து வந்திருக்கலாமே தம்பி" என்றார். மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே என் நாற்காலியில் இன்று வேறு ஆள். எனக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன், அதன்பிறகு விசாரணை. பக்கத்து மேஜைக்காரர் கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எழுதாதே என்றாய். நிரப்பிய பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன். தகுதி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. வெறுமனே தம்பிக்கு என்று எழுதினால் யாரோ ஒருவருக்கு எழுதுகிற மாதிரி இருந்தது.

உங்கள் ஆள் இருபத்தொன்பதாம் தேதி வந்தான். மெஷினைத் திறந்தான். உள்ளே ஒரு விசிறிக்குப் போகிற ஒயர் கழன்றிருக்கிறது. விசிறி சுற்றாததால் சூடேறி நின்றிருக்கிறது. மாட்டினான். பதினைந்து நிமிடம். பேக்கரிக்காரர், பூட்டு ரிப்பேர்க்காரர், நூலகத்து அம்மா, எழுத்தர், நான், ஐந்து பேரும் சுற்றி நின்று பார்த்தோம். "அவ்வளவுதானா?" என்றார் எழுத்தர். "அவ்வளவுதான் சார்" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சுற்று ரத்தாகிவிட்டது. முதல் தேதி உத்தரவு வந்தது. உன் காகிதம் மேலே போயிருக்கிறதாம். மறுபரிசீலனை ஜனவரியிலாம். நான் இனி காலை எட்டு முதல் நாலு வரை ஊர் மருத்துவ நிலையத்தில் உட்கார வேண்டும். இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது பேரில் ஒருவரைத்தான் பிள்ளைகள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. எப்படி வருவார்கள்?

காரை வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது முழு சார்ஜில் இருக்கணுமாம். நேற்று கொண்டுபோய்ச் சொருகினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. இரண்டரை மணி நேரத்தில் நூறு சதவீதம். இத்தனை மாதத்தில் அந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போக இடமில்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. நீ இருபத்தாறாம் தேதி செய்ததைப் பதினைந்தாம் தேதி செய்திருந்தால் இன்று நான் மேலே இருந்திருப்பேன். இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்துகொண்டுதான் இருக்கும் போலிருக்கிறது. நீ அந்தத் தாளை ஒட்டி எழுதினாய் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் இருக்கிறது.

ரோலர்காரரின் கால் ஜனவரி வரை காத்திருக்காது. நாலு மணிக்கு நிலையத்தை மூடியதும் ஏற ஆரம்பித்தால் ஆறரைக்கு அவர் வீட்டில் இருக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன். யார் கணக்கிலும் வராது, வராவிட்டால் போகட்டும். ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வெறும் கையோடு என்றால் ஏறிவிடுவேன். கட்டு, மருந்து, உப்பு நீர்ப் புட்டி எல்லாம் சேர்ந்தால் பை எட்டு கிலோ.

உனக்கு இரண்டு வாரம் வேலை இல்லை என்று எழுதியிருக்கிறாய். காலை பஸ்ஸில் ஏறு. நல்ல ரப்பர் செருப்பாகப் போட்டுக்கொண்டு வா. பையை நீ தூக்கு.

அக்கா